காயவைத்தால் அதில் என்ன இருக்கும்?

ஊதா மஞ்சளானால் ஆராய்ச்சி மாணவனுக்குத் திருவிழா. டி.பி.பி.எச். என்று ஒரு வேதிப்பொருள் உண்டு. மெத்தனாலில் கரைத்தால் அடர்ந்த ஊதா நிறம் வரும். அதில் இலைச்சாறு கொஞ்சம் விட்டு அரைமணி நேரம் இருட்டில் வைத்து எடுத்தால், சாற்றில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கும்பட்சத்தில் ஊதா வெளுத்து மஞ்சளாகியிருக்கும். என் இலை முதல் நாளே வெளுத்துவிட்டது. 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் எட்டுக் குழிகள் வரிசையாக மஞ்சள். போட்டோ பிடித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

எதிர் மேசை சீனியர் அக்கா எதுவும் பேசவில்லை. வெளியே போய், தான் குடித்து மிச்சம் வைத்திருந்த டீயிலிருந்து ஒரு சொட்டு எடுத்துவந்து பக்கத்துக் குழியில் விட்டார். அதுவும் மஞ்சளானது. என் இலையைவிடச் சீக்கிரமாக.

அந்த இலை கைக்கு வந்த கதை இது. பெரியவர் ஒருவர் கொடுத்தார். அப்போதே எழுபது தாண்டியிருப்பார். தலைமுறை தலைமுறையாக மருந்து கொடுக்கிற குடும்பம். போர்டு, பட்டம் எதுவும் கிடையாது. ஒரு நாள் முழுக்க என்னை மலைச்சரிவில் ஏற்றி இறக்கிப் பதினோரு செடிகள் காட்டினார். என்னிடம் ஒரு படிவம் இருந்தது. வழங்கு பெயர், பயன்படும் பாகம், எந்த நோய்க்கு, தயாரிக்கும் முறை என்று வரிசையாகக் கட்டங்கள். தயாரிக்கும் முறைக்கான கட்டம் இரண்டு விரல் அகலம்தான். செடிக்குக் கால்மணி நேரமாவது அவர் பேசினார். நான் 'கஷாயம்', 'பற்று', 'சாறு' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விட்டேன். இந்த இலைக்கு நேரே 'சாறு, காய்ச்சல்' என்று என் கையெழுத்தில் இருக்கிறது.

ஆய்வகத்தில் இலையைக் கழுவிப் பத்து நாள் நிழலில் காயவைத்தேன். பொடித்தேன். சாக்ஸ்லெட்டில் ஏற்றினேன். சாக்ஸ்லெட் பார்க்க அழகான கருவி. அடிக்குடுவையில் மெத்தனால் கொதிக்கும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து பொடியின் மேல் சொட்டுச் சொட்டாக விழும். அறை நிறைந்ததும் பச்சைச் சாறு பக்கத்துக் குழாய் வழியாக ஒரே மூச்சில் கீழே இறங்கும். மறுபடி கொதிக்கும், மறுபடி சொட்டும். இப்படி எட்டு மணி நேரம். கடைசியில் ரோட்டரி எவாப்பரேட்டரில் மெத்தனாலை விரட்டினால், குடுவையின் அடியில் கரும்பச்சையாகப் பிசின் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் பேச்சில் அதற்குப் பெயர் 'க்ரூட்'.

காய்ச்சலுக்குக் கொடுத்த இலையை எதற்காகச் சோதித்தேன் தெரியுமா? சர்க்கரை நோய்க்கு. சிரிக்க வேண்டாம். எங்கள் ஃப்ரீசரில் ஆல்ஃபா-குளுக்கோசிடேஸ் என்ற நொதி இருந்தது. மாவுச்சத்தைக் குடலில் குளுக்கோஸாக உடைக்கிற வேலையின் கடைசிக் கட்டத்தைச் செய்வது அது. அதைத் தடுத்தால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். நொதி கையில் இருந்தது, செய்முறை சுவரில் ஒட்டியிருந்தது. எந்த இலை வந்தாலும் எங்களிடம் இந்தச் சோதனைதான். எங்கோ தொலைத்த தன் சாவியை, வெளிச்சம் இருக்கிறதே என்று தெருவிளக்கின் அடியில் தேடுவது என்பார்களே, அதைவிட மோசம். நாங்கள் வேறு யாரோ தொலைத்த சாவியைத் தேடிக்கொண்டிருந்தோம்.

என் க்ரூட் அந்த நொதியை 92 சதவீதம் தடுத்தது. இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. பிறகு அதே சீனியர் அக்கா, "டானின எடுத்துட்டுப் பாத்தியா?" என்று கேட்டார். டானின் என்பது துவர்ப்பைத் தருகிற சரக்கு. எந்தப் புரதத்தைக் கண்டாலும் ஒட்டிக்கொண்டு திரட்டிவிடும். தோல் பதனிடுவதே இந்தக் குணத்தை வைத்துத்தான். நொதியும் புரதம்தானே. பாலிஅமைடு தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் சாற்றை வடித்தால் டானின் அங்கேயே தங்கிவிடும். வடித்து மறுபடி சோதித்தேன். 92 போய் 6 வந்தது.

ஒரு வருட வேலை அது. என் கதை சின்னது. இதே பள்ளத்தில் பெரிய பெரிய ஆட்களும் விழுந்திருக்கிறார்கள். மஞ்சளின் குர்க்குமின் மூலக்கூறை எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைக்குழாயில் அது வேலை செய்யாத நோயே இல்லை என்கிற அளவுக்குக் கட்டுரைகள் குவிந்தன. மருத்துவ வேதியியலாளர்கள் சிலர் 2017இல் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து அலசினார்கள். குர்க்குமின் தானே ஒளிர்ந்து கருவியை ஏமாற்றும்; கண்ட புரதத்தோடும் வினைபுரியும்; நிலையாக நிற்காது; வாய்வழி கொடுத்தால் ரத்தத்தில் சேர்வது சொற்பம். யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மாத்திரை என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் நடத்திய ஒப்பீட்டுச் சோதனை எதிலும் அது வென்றதில்லை என்று எழுதினார்கள். பலருக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. நான் பாலிஅமைடுக் குழாயின் முன் உட்கார்ந்து பார்த்தவன்.

அப்படியானால் பழைய வைத்தியத்தில் ஒன்றுமே இல்லையா என்று கேட்டால், அதுவும் எனக்கு எரிச்சல் தரும் கேள்விதான். அந்த நாட்களில்தான் சீன மருந்தாய்வாளர் டூ யூயூவின் கதையை ஊன்றிப் படித்தேன்.

வியட்நாம் போரில் குண்டைவிட மலேரியா அதிகம் பேரைச் சாய்த்துக்கொண்டிருந்த காலம். வட வியட்நாம் உதவி கேட்க, சீனா 1967 மே 23 அன்று ஒரு ரகசியத் திட்டம் தொடங்கியது. தேதியையே பெயராக்கி '523' என்றார்கள். டூ யூயூ 1969இல் அதில் சேர்ந்தார். அவருடைய குழு பழைய ஏடுகளிலிருந்தும் வைத்தியர்களிடமிருந்தும் இரண்டாயிரம் மருந்துக் குறிப்புகளைத் திரட்டியது. ஏறத்தாழ 200 மூலிகைகளிலிருந்து 380க்கு மேற்பட்ட சாறுகள் எடுத்து எலிகளில் சோதித்தார்கள். சிங்ஹாவ் என்ற மூலிகையின் சாறு ஒருமுறை நன்றாகத் தடுத்தது, அடுத்தமுறை காலை வாரியது. இந்த இடத்தில் நானாக இருந்தால் அதை ஓரங்கட்டியிருப்பேன்.

அவர் ஏட்டைத் திரும்பப் படித்தார். நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய அவசர சிகிச்சைக் கையேட்டில் ஒரு வரி: சிங்ஹாவ் ஒரு கைப்பிடி எடு, இரண்டு ஷெங் தண்ணீரில் ஊறவை, பிழிந்து சாறெடு, முழுவதையும் குடி. கஷாயம் காய்ச்சுவதுதான் அங்கே வழக்கம். இந்த வரியில் அடுப்பே இல்லை. சூட்டில் சரக்கு கெட்டுவிடுகிறதோ என்று அவருக்குத் தட்டியது. 35 டிகிரியிலேயே கொதிக்கிற ஈதரைக் கொண்டு வடித்தார். 1971 அக்டோபர் 4 அன்று, 191ஆம் எண் சாறு எலிகளின் ரத்தத்தில் இருந்த மலேரியாக் கிருமியை முழுவதுமாகத் துடைத்தது. அடுத்த ஆண்டு அவரும் சக ஆய்வாளர்களும் அதைத் தாங்களே உட்கொண்டு பார்த்த பிறகுதான் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். ஆர்டிமிசினின் என்ற மலேரியா மருந்து அப்படி வந்தது. 2015இல் நோபல் பரிசு.

இதைச் சொல்கிறவர்கள் எல்லோரும் 'பழைய ஏட்டில் மருந்து இருந்தது' என்று முடிப்பார்கள். ஏட்டில் செடியின் பெயர் இருந்தது. செடியை என்ன செய்ய வேண்டும் என்ற வினைச்சொற்களும் இருந்தன. ஊறவை, பிழி, குடி. பெயரை எல்லோரும் படித்தார்கள். டூ யூயூ வினைச்சொல்லைப் படித்தார்.

பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே மூலிகை சாட்சி. சிங்ஹாவ் என்று பழைய நூல்கள் சொல்கிற பெயரில் ஆர்டிமிசியா பேரினத்துச் செடிகள் பல அடக்கம். ஆர்டிமிசியா அன்னுவா என்ற இனத்தில்தான் சரக்கு இருக்கிறது. பிற்காலத் தாவரவியல் நூல்கள் சிங்ஹாவ் என்று காட்டிய செடியில் அது கிடையாது. பெல்ஜியத்தில் இந்தப் பெயர்க் குழப்பம் உயிரையே பறித்தது. 1990களின் தொடக்கத்தில், உடல் மெலியச் சிகிச்சை எடுத்த பெண்களுக்குக் கொடுத்த மாத்திரையில் ஸ்டெஃபானியா என்ற சீன மூலிகை சேர வேண்டும். சீனத்தில் அதன் பெயரும் அரிஸ்டலோக்கியா இனத்துச் செடி ஒன்றின் பெயரும் 'ஃபாங்ஜி' என்றே முடியும். மாறிப் போனது. நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது.

அரிஸ்டலோக்கியா குடும்பத்துச் செடிகள் எங்கோ ஒளிந்திருந்த விஷம் இல்லை என்பதுதான் என்னை உலுக்கியது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பல நூற்றாண்டுகள் மருந்தாகப் புழங்கியவை. பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை தலைமுறைகளில் ஒருவர் கண்ணிலும் படவில்லையா? படாது. இன்று குடித்து, பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகம் சுருங்கினால் இரண்டையும் யார் முடிச்சுப் போடுவார்கள்? 'ஆயிரம் வருஷமாகச் சாப்பிடுகிறோம், ஒன்றும் ஆகவில்லை' என்ற வாதத்தை அன்றோடு நான் விட்டுவிட்டேன்.

அதே காரணத்தால், கண்முன்னே உடனே நடப்பதில் பழைய அறிவை நான் பெரிதும் நம்புகிறேன். அமேசான் காட்டு வேட்டைக்காரர்கள் அம்பு நுனியில் தடவும் குராரே விஷம் ஒன்று போதும். பட்டைகளைக் காய்ச்சி இறுக்குவார்கள். சரக்கு எவ்வளவு வீரியம் என்று எப்படி அளப்பது? அடிபட்ட குரங்கு அடுத்த மரத்துக்குத் தாவுவதற்குள் விழுந்தால் 'ஒரு மரம்'. இரண்டு தாவினால் 'இரண்டு மரம்'. என்னுடைய 96 குழித் தட்டைவிட நேர்மையான அளவுகோல் இது என்று எனக்குத் தோன்றும். இதில் டானின் உள்ளே புகுந்து ஏமாற்ற முடியாது. வேதியியலாளர் ஹரோல்ட் கிங் 1935இல் அந்த விஷத்திலிருந்து அதன் வீரியச் சரக்கான டியூபோகுராரினைப் பிரித்தபோது அவர் கையில் இருந்தது அருங்காட்சியகத்தில் கிடந்த பழைய சரக்கு. எந்தச் செடியிலிருந்து வந்தது என்பதே அப்போது தெரியாது. 1942இல் மான்ட்ரியலில் அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்த குராரேயைப் பயன்படுத்தினார்கள். மயக்கவியலின் போக்கே அதன் பிறகு மாறியது.

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும் ஒரே செடியில் கலந்திருப்பதுண்டு. சர்ப்பகந்தாவை மனக்கொதிப்புக்கும் தூக்கமின்மைக்கும் கொடுத்தார்கள். கொடுத்தால் ஆள் அடங்குவது கண்கூடு. அது ரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது என்பதைப் பார்க்கக் கையில் பட்டை கட்டும் கருவி வேண்டியிருந்தது. இதைக் கல்கத்தா மருத்துவர்கள் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931இலேயே எழுதினார்கள். பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் ஆங்கிலேய இதழில் எழுதிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. பதினெட்டு வருடம்!

எனக்கு ரொம்பப் பிடித்தது நித்தியகல்யாணியின் கதை. அது ஒரு தவறின் கதை. ஜமைக்காவில் அந்த இலையை நீரிழிவுக்குக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள் என்று 1952இல் ஒருவர் சில இலைகளை உறையில் போட்டுக் கனடாவிலிருந்த மருத்துவர் ஒருவருக்கு அனுப்பினார். அந்த மருத்துவரின் தம்பி ராபர்ட் நோபிள் ஆராய்ச்சியாளர்; இலை அவரிடம் போனது. எலிகளுக்கு வாய்வழி கொடுத்தார்கள். சர்க்கரை அசையவில்லை. ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். சர்க்கரை அப்போதும் அசையவில்லை, ஆனால் எலிகள் தொற்று கண்டு செத்தன. ஏன் என்று ரத்தத்தைப் பார்த்தால் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளை அணு சரிகிறது என்றால், வெள்ளை அணு கட்டுக்கடங்காமல் பெருகுகிற ரத்தப் புற்றுநோயில்? நோபிளும் சக ஆய்வாளர் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தார்கள். இன்னொரு குழு, பிலிப்பைன்ஸில் இதே நீரிழிவுப் பழக்கத்தைக் கேட்டு அதே செடிக்கு வந்து சேர்ந்திருந்தது. வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு மருந்து அந்தக் குழுவிடமிருந்து வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அதுதான் அடிப்படை மருந்துகளில் ஒன்று. இலையில் இருப்பது அத்தனை சொற்பம். ஒரு கிராமுக்குப் பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும்.

கைப்பக்குவம் சொன்னவர்கள் தப்பாகச் சொன்னார்களா? சர்க்கரை விஷயத்தில் அந்த எலிகள் அவர்களை ஆதரிக்கவில்லை. ஆனாலும் 'இந்தச் செடி உடம்புக்குள் ஏதோ செய்கிறது' என்ற அளவில் அவர்கள் கவனித்தது சரி. செத்த எலியைத் தூக்கிப் போடாமல் அதன் ரத்தத்தைப் பார்த்த ஆளும் வேண்டியிருந்தது.

இதில் யாருக்கு யார் கடன்? செடியின் பூர்வீகம் மடகாஸ்கர். இலை வந்தது ஜமைக்காவிலிருந்து. பழக்கம் பிலிப்பைன்ஸிலும் இருக்கிறது. யாருக்குப் பங்கு கொடுப்பது என்று அன்று யாரும் கேட்கவே இல்லை என்பது ஒரு பக்கம். இன்று கேட்டாலும் விடை சுலபமில்லை. இதய மருந்தான டிஜிட்டாலிஸின் கதையில் கடன் கொடுத்தவருக்குப் பெயரே கிடையாது. 1775இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங்கிடம் ஒரு குடும்ப மருந்தைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். ஷ்ராப்ஷயரைச் சேர்ந்த கிழவி ஒருத்தி நீர்வீக்கத்துக்குக் கொடுத்துவந்தது. மருத்துவர்கள் கைவிட்டவர்களும் சிலர் பிழைத்தார்கள். இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் அதில். வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் இலை ஒன்றுதான் என்று கண்டு, பத்து ஆண்டுகள் அளவைத் திருத்தித் திருத்தி, 1785இல் புத்தகமாக எழுதினார். தொடக்கத்தில் தான் அதிகமாகக் கொடுத்ததையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கிழவியின் பெயரை எழுதவில்லை. 'மதர் ஹட்டன்' என்று இப்போது சில இடங்களில் பார்க்கலாம். அது 1928இல் ஒரு மருந்து நிறுவன விளம்பரத்துக்காகச் சூட்டிய கற்பனைப் பெயர்.

இப்போது சட்டங்கள் இருக்கின்றன. உயிர்வளத்தைப் பயன்படுத்துபவர் அதன் பலனில் பங்கு கொடுக்க வேண்டும் என்கிற நகோயா நெறிமுறை 2010இல் ஏற்கப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்தது. மரபறிவைப் பயன்படுத்திக் காப்புரிமை கேட்பவர் அது யாரிடமிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும் என்ற உலக உடன்படிக்கை 2024 மே மாதம் நிறைவேறியது. காகிதம் சரி. கலகாரிப் பாலைவனத்தின் சான் மக்கள் பசி தெரியாமலிருக்க மெல்லும் ஹூடியா தண்டுக்கு அவர்களைக் கேட்காமலே காப்புரிமை எடுத்து, வெளிநாட்டு நிறுவனத்துக்கு உரிமமும் கொடுத்துவிட்டார்கள். விவகாரம் வெடித்த பிறகு 2003இல் பங்கு ஒப்பந்தம் வந்தது. உடல் மெலிய வைக்கும் பண்டம் மட்டும் வரவில்லை. அதைப் பண்டமாக்கக் கையிலெடுத்த யூனிலீவர் நிறுவனமும் 2008இல் கைவிட்டது. வராத லாபத்தில் பங்கு! அகத்தியர் மலைக் காணி மக்கள் விஷயம் இதைவிட மேல். 1987இல் வழிகாட்டியாக வந்தவர்கள் களைக்காமல் ஏறுவதைப் பார்த்து, அவர்கள் மென்ற காயை விசாரித்து ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை அடைந்த ஆய்வு நிறுவனம், உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதியை அவர்களுக்கு ஒதுக்கியது. 1997இல் அதற்கென ஓர் அறக்கட்டளையும் வந்தது. ஆனால் ரகசியத்தை வெளியே சொன்னதே தவறு என்று அந்தச் சமூகத்தின் மூத்த வைத்தியர்கள் சிலர் எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. காட்டிக்கொடுத்தவர் மூன்று பேர், சொத்து எல்லோருடையது.

இதையெல்லாம் படித்த பிறகு, மூன்று வருடம் கழித்து, பெரியவரைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்கவா, மறுபடி கேட்டு எழுதவா என்று எனக்கே தெளிவில்லை. என்னை ஞாபகம் வைத்திருந்தார். இலையைக் காயவைத்துப் பொடித்து எட்டு மணி நேரம் கொதிக்கவைத்ததைச் சொன்னேன்.

"காயவெச்சா அதுல என்ன தம்பி இருக்கும்?" என்றார். கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார்.

இந்த முறை படிவம் எடுத்துப் போகவில்லை. கோடு போடாத நோட்டு. அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். வெயில் ஏறுவதற்கு முன் பறிக்க வேண்டும். நுனியிலிருந்து மூன்றாவது ஜோடிக்குக் கீழே போகக் கூடாது. கல்லில்தான் அரைக்க வேண்டும், இரும்பு ஆகாது. பச்சைத் தண்ணீரில் கரைத்துத் துணியில் பிழிந்து, கறுப்பதற்குள் குடித்துவிட வேண்டும். கறுப்பதற்குள் என்றால்? "நீ அந்தத் திண்ணைக்குப் போய்ட்டு வர்ற நேரம்." நறுக்கிய ஆப்பிள் பழுப்பாவது போல, இலையில் இருக்கும் நொதி சாற்றைப் பழுப்பாக்கிவிடும். இரும்பு பட்டால் டானினோடு சேர்ந்து மையாகக் கறுக்கும். அவர் சொன்னதில் எனக்கு விளங்காதது ஒன்றுமில்லை. முன்பும் இதையேதான் சொன்னாராம்.

"எந்தக் காய்ச்சலுக்குங்க ஐயா?"

"அதான் அன்னைக்கே சொன்னேனே, முறைக்காய்ச்சலுக்கு."

ஒரு நாள் விட்டு ஒரு நாள், குளிர்நடுக்கத்தோடு முறை வைத்து வருகிற காய்ச்சல். மலேரியா. என் படிவத்தில் 'காய்ச்சல்' மட்டும் இருக்கிறது. அவர் சொன்ன சொல்லில் பாதியை அந்தக் கட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டு, மீதிப் பாதியைக் கொண்டுபோய்ச் சர்க்கரை நோய்க்குச் சோதித்திருக்கிறேன்.

விடியற்காலையில் அவரோடு போய்ப் பறித்து, அங்கேயே அரைத்து, பிழிந்த கையோடு உலர்பனியில் உறையவைத்துக் கொண்டுவந்தேன். மலேரியாக் கிருமியை ரத்த அணுக்களில் வளர்க்கிற வசதி எங்களிடம் இல்லை. இருந்த வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். முதல் தடவை ஓரளவு தடுத்தது. துள்ளிக் குதிக்கிற அளவு இல்லை, தள்ளிவிடுகிற அளவும் இல்லை. மறுபடி பறித்து அனுப்பினேன். அந்தத் தடவை ஒன்றுமே இல்லை.

போனில் பெரியவரிடம் சொன்னேன். முதல் தடவை கேட்டது, இரண்டாவது தடவை கேட்கவில்லை என்று. கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"ரெண்டாவது தடவ பறிச்சப்ப செடி பூத்திருந்துச்சா?"

நோட்டைப் புரட்டினேன். தேதி இருந்தது, நேரம் இருந்தது. பூவைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை.